வாங்கின் உயரம்: இரும்பை வெட்டுமுன் காலை அளவுங்கள்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில், மல்லாந்து படுத்து எடை தூக்கவென்று ஒரு வாங்கு கிடக்கிறது. காத்தான்குடிப் பக்கம் ஒரு வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்தது. "எவ்வளவு உயரம் வைக்கிற தம்பி?" என்று கடைக்காரக் காக்கா கேட்டார். வீட்டுக் கதிரையை அளந்திருந்தேன்; 18 அங்குலம். அதையே சொன்னேன். அவர் சட்டத்தை 18இல் சுத்தமாக வெட்டி ஒட்டினார். அதன் மேல் முக்கால் அங்குலப் பிளைவுட், அதற்கும் மேல் 2 அங்குல ஸ்பொஞ். எல்லாம் சேர்ந்து 20¾ அங்குலம், கிட்டத்தட்ட 53 செ.மீ. படுத்தால் குதிக்கால் தரையில் படவில்லை. பிழை காக்காவில் இல்லை, என் வாயில்தான்.

அதனால் சட்டத்தின் உயரத்தைச் சொல்லாதீர்கள். "ஸ்பொஞ்சுக்கு மேலால மொத்தம் இவ்வளவு" என்று சொல்லுங்கள். ஸ்பொஞ்சைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பலகை தட்டுப்படுகிற அளவுக்கு இளகியதென்றால் வேண்டாம். ஆறு மாதத்தில் முதுகு பலகையில்தான் கிடக்கும், அளந்த உயரமும் மிஞ்சாது.

கதிரையைப் பார்த்து அளவெடுப்பதுதான் பெரிய தவறு. சர்வதேச பவர்லிஃப்டிங் (எடை தூக்கும் போட்டி) விதியில் வாங்கின் உயரம் 42 முதல் 45 செ.மீ., அகலம் 29 முதல் 32 செ.மீ. அது நல்ல தொடக்கம். ஆனால் பாரை, அதாவது எடைத் தட்டு ஏற்றும் இரும்புத் தண்டை, மேலே தள்ளும்போது பாதமும் தரையை உதைக்க வேண்டும். வாங்கு உயர்ந்தால் கால் தொங்கும், இடுப்பு வளையும், பார் ஒரு பக்கம் ஆடும். மிகவும் தாழ்ந்தால் முழங்கால் மேலெழும்பி, உதைக்கும்போது பிட்டம் வாங்கைவிட்டுக் கிளம்பும். பயிற்சிக்குப் போடும் சப்பாத்தோடு உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளவுங்கள். வாங்கு அந்த அளவிலோ இரண்டு செ.மீ. குறைவாகவோ இருந்தால் போதும்.

அண்ணனும் தங்கச்சியும் ஒரே வாங்கில் பயிற்சி செய்கிற வீடென்றால் நெட்டையானவருக்கே அளவெடுங்கள். கட்டையானவரின் பாதத்துக்கடியில் பலகை வைக்கலாம்; போட்டியிலேயே 30 செ.மீ. வரை கட்டை வைக்க விடுகிறார்கள். நெட்டையானவருக்காக விறாந்தையைத் தோண்ட முடியுமா?

டைல்ஸ் வழுக்குகிறதென்று வாங்குக்கு அடியில் மட்டும் இறப்பர் விரிப்பைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விரிப்பின் தடிப்பு அப்படியே வாங்கின் உயரத்தில் கூடிவிடும், பாதமோ இன்னும் வழுக்குகிற டைல்ஸிலேயே. விரித்தால் பாதத்துக்கும் சேர்த்து விரியுங்கள்.

பிறகு நான் வாங்கின் கால்களை மூன்றரை அங்குலம் வெட்டுவித்தேன். இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்துப் படுத்தால், பார் கைக்கு எட்டவில்லை. பாரைத் தாங்கும் ஸ்டாண்டின் கொக்கி பழைய உயரத்திலேயே நிற்கிறது! வாங்கைத் தொட்டால் கொக்கியையும் தொட வேண்டும்: படுத்தபடி பாரைப் பிடிக்கும்போது முழங்கை கொஞ்சம் மடிந்திருப்பதே சரியான இடம். தனியாகத் தூக்குகிறவர்கள், தூக்க முடியாமல் போனால் பாரைத் தாங்கிக்கொள்ளும் பக்கத்துத் தாங்கு கம்பிகளையும் அதேபோல் இறக்குங்கள். நெஞ்சை நிமிர்த்தினால் பார் நெஞ்சில் பட வேண்டும். நெஞ்சைத் தாழ்த்தினால் கம்பியில் உட்கார வேண்டும். தட்டு ஏற்றாத வெறும் பாரிலேயே இதைப் பார்த்துவிடுங்கள். வீட்டில் ஆளில்லாத நேரம் தாங்கு கம்பி இல்லாமல் படுக்கவே வேண்டாம்.

கால்களை வெட்டினால் வெட்டிய வாய்க்கு உடனே துருத்தடுப்புப் பெயின்ற் அடியுங்கள். நான் அவசரத்தில் அடிக்காமல் இறப்பர் மூடியை மாட்டிவிட்டேன். கடற்காற்று ஒரு பக்கம், வீடு துடைக்கிற தண்ணீர் மூடிக்குள் தேங்குவது இன்னொரு பக்கம். ஒரு வருசத்தில் ஒரு கால் அரித்து, வாங்கு டக் டக்கென்று ஆடத் தொடங்கியது. திரும்பவும் அதே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். காக்கா முதலில் அளவுநாடாவைத்தான் என் கையில் தந்தார்.