பிஎஸ்கியூஎல்லுக்குச் சூழல் மாறிகள்: ஒருமுறை எழுதிவைத்தால் பிறகு ஒரே சொல்லில் திறக்கலாம்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்பின் காணிப் பதிவு எங்களிடம் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இருக்கிறது. எந்த வாய்க்கால், யாருடைய காணி, எத்தனை ஏக்கர் என்ற விபரங்கள்தான். சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் திறக்கிற நாட்களில் ஆட்கள் வந்து கேட்டபடியே இருப்பார்கள். ஒவ்வொருமுறையும் டேட்டாபேஸைத் திறக்கும் பிஎஸ்கியூஎல் கட்டளையைத் தட்டி, ஹோஸ்ட், போர்ட், யூசர், டேட்டாபேஸ், கடைசியில் பாஸ்வேர்ட் என்று கேள்விக்கொத்து நிரப்பிக்கொண்டிருக்க ஏலாது. அதற்குத்தான் இந்த வேலை: அந்த விபரங்களைச் சூழல் மாறிகளாக, அதாவது டேர்மினலில் ஓடும் நிரல்கள் தாமே வாசிக்கும் பெயரும் மதிப்புமாக, ஒருமுறை எழுதிவைப்பது.

போஸ்ட்கிரெஸை நிறுவுவதை இங்கே எழுதவில்லை. அது ஏற்கெனவே ஓடுகிறது என்றே தொடங்குகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பிஜி என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் முழுக்கப் பெரிய எழுத்து; .பிஜிபாஸ், பிஜி_டம்ப் இரண்டும் மட்டும் சிறிய எழுத்து.

1. எந்தக் கோப்பில் எழுதுவது

உபுண்டு என்றால் உங்கள் ஹோம் கோப்புறையில் உள்ள .பாஷ்ஆர்சி. மக் என்றால், 2019இல் வந்த கட்டலினாவிலிருந்து இயல்பான ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை வாசித்து ஓட்டும் நிரல்) இசட்ஷெல், ஆகவே .இசட்எஸ்எச்ஆர்சி. நனோ எடிட்டரில் திறந்து எழுதுங்கள். விம் நல்லதுதான், ஆனால் முதல் நாளே அதிலிருந்து வெளியே வரும் வழி தேடி அலைய வேண்டாம்.

2. வரிகள்

கோப்பின் அடியில்:

எக்ஸ்போர்ட் பிஜிஹோஸ்ட்=லோக்கல்ஹோஸ்ட்
எக்ஸ்போர்ட் பிஜிபோர்ட்=5432
எக்ஸ்போர்ட் பிஜியூசர்=பதிவு
எக்ஸ்போர்ட் பிஜிடேட்டாபேஸ்=காணி
எக்ஸ்போர்ட் பிஜிகனெக்ட்_டைம்அவுட்=10

சமன் குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. விட்டால் ஷெல் பிழை காட்டும், மதிப்பும் பதியாது. எக்ஸ்போர்ட் என்ற சொல்லை விட்டாலோ பிழை காட்டாது. மதிப்பு ஷெல்லுக்குள்ளேயே தங்கிவிடும், பிஎஸ்கியூஎல்லுக்குப் போய்ச் சேராது. மதிப்பைத் திரையில் காட்டும் எக்கோ கட்டளையைப் போட்டுப் பார்த்தால் சரியாக இருப்பதுபோலவே தெரியும். ஆகவே எக்கோவை நம்பாமல் இதைப் போடுங்கள்:

என்வ் | கிரெப் பிஜி

இதில் தெரிந்தால்தான் மற்ற நிரல்களுக்கும் தெரியும். புதிய டேர்மினல் திறந்த பிறகு பாருங்கள், அல்லது சோர்ஸ் போட்டு அந்தக் கோப்பை மறுபடி வாசிக்கச் செய்யுங்கள்.

கடைசி வரி எல்லாருக்கும் தேவைப்படாது. டேட்டாபேஸ் வேறொரு இடத்தில் இருந்து, நீங்கள் போன் ஹொட்ஸ்பொட்டில் இணைகிறீர்கள் என்றால் கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் சிக்னல் விழுந்த நேரத்தில் பிஎஸ்கியூஎல் கறுப்புத் திரையோடு பார்த்துக்கொண்டே இருக்கும். 10 விநாடியில் கைவிட்டால் நாமும் வேறு வேலை பார்க்கலாம்.

வட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பிய கட்டளையை அப்படியே ஒட்டுபவர்கள் மேற்கோள் குறியைப் பாருங்கள். வளைந்த குறியாக மாறியிருந்தால் ஷெல்லுக்கு அது மேற்கோளே இல்லை.

3. லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் வழியே மாறுகிறது

கனபேர் தடுக்கி விழும் இடம் இது. பிஜிஹோஸ்ட் இல்லாதபோது லினக்ஸில் பிஎஸ்கியூஎல் யூனிக்ஸ் சொக்கெட் (ஒரே கொம்பியூட்டருக்குள் நிரல்கள் நேரே பேசிக்கொள்ளும் வழி) வழியாகப் போகிறது. உபுண்டுவின் இயல்பான அமைப்பில் அந்த வழியில் பாஸ்வேர்ட் கேட்பதில்லை. பியர் என்ற முறையில் உங்கள் லினக்ஸ் பயனர் பெயரும் டேட்டாபேஸ் பயனர் பெயரும் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். ஒன்றாக இல்லாவிட்டால் “பியர் ஒதென்டிகேஷன் ஃபெயில்ட்” என்று திருப்பி அனுப்பும். பாஸ்வேர்ட் பிழையாக்கும் என்று நினைத்து அதை மாற்றி மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை, ஏனென்றால் பாஸ்வேர்டை அங்கே யாரும் கேட்கவேயில்லை.

பிஜிஹோஸ்ட்=லோக்கல்ஹோஸ்ட் என்றதும் அதே கொம்பியூட்டருக்குள்ளேயே டிசிபி, அதாவது நெட்வொர்க் இணைப்பு வழியாகப் போகும். அங்கே பாஸ்வேர்ட் கேட்கும். எங்கள் பதிவு என்ற பயனருக்கு லினக்ஸில் கணக்கே இல்லை, ஆகவே எங்களுக்கு இந்த வழிதான் பொருந்தும்.

வேறொரு பயனராகக் கட்டளையை ஓட்டும் சுடூவைப் போட்டு போஸ்ட்கிரெஸ் பயனராக உள்ளே போகும்போது இந்த மாறிகள் வேலை செய்யவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சுடூ இயல்பாகவே உங்கள் மாறிகளைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடும். அதனால் அது பழையபடி சொக்கெட் வழியில் போகிறது. அது நல்லதுக்குத்தான், விட்டுவிடுங்கள்.

4. பாஸ்வேர்ட் எங்கே

பிஜிபாஸ்வேர்ட் என்றும் ஒரு மாறி உண்டு. பாவிக்க வேண்டாம். சில இயங்குதளங்களில் மற்றப் பயனர்களும் அதைப் பார்க்கலாம், தவிர,.பாஷ்ஆர்சியை நாம் யார் யாருக்கோ அனுப்பிவைப்போம். ஹோமில் .பிஜிபாஸ் என்று ஒரு கோப்பு திறந்து, ஒரே வரியில், முக்காற்புள்ளி இட்டு:

லோக்கல்ஹோஸ்ட்:5432:காணி:பதிவு:உங்கள்பாஸ்வேர்ட்

ஹோஸ்ட் இரண்டு இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மாறியில் 127.0.0.1 என்றும் இங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றும் எழுதினால் பொருந்தாது. பாஸ்வேர்டில் முக்காற்புள்ளியோ பின்சாய்கோடோ இருந்தால் அதற்கு முன்னால் இன்னொரு பின்சாய்கோடு போடுங்கள். பிறகு, கோப்பை நீங்கள் மட்டும் வாசிக்கும்படி பூட்ட, சிஎச்மொட் 600 .பிஜிபாஸ். இதை மறந்தால் ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அந்தக் கோப்பை அப்படியே ஒதுக்கிவிடும், பாஸ்வேர்டை மறுபடி கேட்கும். விண்டோஸுக்குள் லினக்ஸ் பாவிப்பவர்கள் கோப்பை சி டிரைவ் பக்கம் வைத்தால் சிஎச்மொட் இயல்பான அமைப்பில் ஒட்டாது. லினக்ஸ் ஹோமிலேயே வையுங்கள்.

இப்போது வெறும் பிஎஸ்கியூஎல் என்று தட்டுங்கள். உள்ளே போனதும் பின்சாய்கோடு போட்டு கன்இன்ஃபோ என்று தட்டினால் எந்த வழியில், எந்தப் பயனராக வந்திருக்கிறீர்கள் என்று சொல்லும்.

5. இரவு பக்கப்

பக்கப் எடுக்கும் பிஜி_டம்ப் கட்டளையும் இதே மாறிகளைத்தான் வாசிக்கிறது. ஆனால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரொன் உங்கள் .பாஷ்ஆர்சியை வாசிக்காது. கையால் ஓடவிட்டால் பக்கப் வரும், இரவில் வெறும் கோப்புத்தான் கிடக்கும். கிரொனின் வேலைப்பட்டியலான கிரொன்டாப்பின் மேலேயே பிஜிஹோஸ்ட்=லோக்கல்ஹோஸ்ட் என்பதையும் மற்ற வரிகளையும் எக்ஸ்போர்ட் இல்லாமல் எழுதுங்கள். .பிஜிபாஸை அது தானே கண்டுபிடிக்கும். பிஜி_டம்ப்புக்கு சிறிய எழுத்து -டபிள்யூ சேர்த்தால் பாஸ்வேர்டுக்காகக் காத்திருக்காமல் உடனே பிழை சொல்லி வெளியேறும்.

பிற்சேர்க்கை

விண்டோஸில் எக்ஸ்போர்ட்டுக்குப் பதிலாக செட்எக்ஸ் கட்டளையைப் பாவிக்கலாம். மதிப்பு அடுத்ததாகத் திறக்கும் ஜன்னலில்தான் தெரியும். அங்கே தமிழ்ப் பெயர்கள் வரும்போது “வின்1252இல் இணையான எழுத்து இல்லை” என்ற பிழை வந்தால் பிஜிகிளையன்ட்என்கோடிங்=யுடிஎஃப்8 என்று வைத்து, ஜன்னலையும் யுடிஎஃப்8க்கு மாற்ற அதில் சிஎச்சிபி 65001 என்றும் தட்டுங்கள்.

பிஜிடிஇசட்=ஏசியா/கொழும்பு என்று நேர வலயமும் வைக்கலாம் (ஆங்கிலத்தில் கொலம்போ). இன்றைய பதிவுகளுக்குச் சரி. பிறந்த நேரம் பதிபவர்கள் மட்டும் கவனியுங்கள்: 1996 மே மாதம் கொழும்பு மணிக்கூட்டைக் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் என்பதிலிருந்து ஆறரைக்கும், ஒக்ரோபரில் ஆறுக்கும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அந்தக் காலம் முழுக்கப் பழைய ஐந்தரைதான். அந்த இடைவெளியில் இங்கே பிறந்த ஒருவரின் நேரத்தை நேர வலயத்தோடு கூடிய டைம்ஸ்டாம்பில் (திகதியும் நேரமும் வைக்கும் தரவு வகை) போட்டால் அரை மணியோ ஒரு மணியோ பிசகும். அட்டவணையில் அப்படியான பத்திக்கு வலயம் இல்லாத டைம்ஸ்டாம்பையே பாவியுங்கள்.