கீல் உறையில் இறுகிய கல்: என் அனுபவம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையிலுள்ள பிளாக்வாட்டர் கழிமுகத்தில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஓதங்களில் நீர்மட்டம் ஏறத்தாழ 5 மீட்டர் வரை ஏறி இறங்குவதால், கீலை (படகின் நடுவிலுள்ள உறையிலிருந்து அடியில் நீருக்குள் இறங்கும் தகட்டை) உறைக்குள் தூக்கிச் சிறு பாய்மரப் படகைச் சேற்றில் அமரவிட்டு, அடுத்த ஏற்றத்தில் மிதந்து புறப்படுவதே ஓடைகளைச் சுற்றிப் பார்க்க நான் மிகவும் விரும்பும் முறை. அந்தக் கழிமுகத்திலுள்ள ஓசி (Osea) தீவருகே ஒருமுறை அவ்வாறு மிதந்தபின் கீல் தகடு இறங்கவில்லை; படகு அமர்ந்தபோது கூழாங்கல்லொன்று உறைக்குள் நெருக்கப்பட்டுத் தகட்டோடு இறுகியிருந்தது. தூக்கும் கயிறு தகட்டை மேலே இழுக்க மட்டுமே உதவும். ஆகவே நங்கூரமிட்டு, உறையின் மேற்பிளவு வழியே தட்டையான இரும்புப் பட்டையைச் செலுத்தித் தகட்டின் மேல்விளிம்பை மெல்லத் தட்டியதும் கல் நழுவி விழுந்தது. கரைக்குத் திரும்பியபின், தூக்கிய நிலையிலும் வெளியே தெரியும் கீழ்விளிம்பில் துளையிட்டேன்; சரளை கலந்த இடத்தில் அமர நேர்ந்தால், அதில் முன்கூட்டியே கயிறு கோத்துப் படகோரம் கட்டிவைக்கிறேன், தகடு சிக்கினாலும் வெளியிலிருந்தே கீழே இழுத்துவிட முடிகிறது.