பழைய வாள் எந்த ஊர், எந்தக் காலம்? கண்டுபிடிக்கும் முறை

வீட்டில் பழைய வாள் இருந்தால் முதலில் ஒன்று: துலக்காதீர்கள். புளி, சாம்பல், பித்தளைப் பொடி, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். முத்திரை, தங்க வேலைப்பாடு, பழைய உருக்கின் நீரோட்டக் கோடுகள் எல்லாம் மேல்பரப்பில்தான் இருக்கின்றன. தேய்த்தால் போயே போச்சு. ஆயுத பூஜைக் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தால், துணியில் துளி தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

தேவையானவை: நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் (பாரிமுனைப் பக்கம் கிடைக்கும்), டார்ச், தையல் டேப். போனில் படம் போட்டுத் தேடுவதை நான் நம்புவதில்லை. அது பிடியைப் பார்த்தே பதில் சொல்லிவிடும். அது ஏன் தப்பு என்று கீழே சொல்கிறேன்.

முதலில் பிடி. உச்சியில் வட்டத் தட்டு இருந்தால் பெரும்பாலும் தல்வார். வட இந்தியாவிலிருந்து தக்காணம் வரை இது புழங்கியது. கையை மறைக்கும் அகலமான காப்பும், தட்டின் மேல் நீண்ட முளையும் இருந்தால் காண்டா வகை. யாளி முகம் செதுக்கிய பிடி என்றால் தெற்குப் பக்கம் தேடலாம்.

அடுத்து அலகு. நான் நெடுநாள் திணறியது இங்கேதான். பிடி ஒரு காலம் சொல்லும், அலகு வேறு காலம் சொல்லும். நம் ஊர் வாள்களில் அலகின் அடிப்பாகம் குட்டையாக இருக்கும். குடைந்த பிடிக்குள் அதைச் செருகி அரக்கு போன்ற பிசின் ஊற்றி இறுக்குவார்கள். சூடு காட்டினால் பிசின் இளகும், அலகை மாற்றிவிடலாம். போர்ச்சுகீசியர் வந்தபின் ஐரோப்பிய அலகுகள் நிறைய இறங்கின. அவற்றுக்கு நம் பிடியைப் பூட்டிய வாள்தான் பிரங்கி. இங்குள்ள கொல்லர்கள் ஐரோப்பிய முத்திரைகளையும் அப்படியே அடித்தார்கள். குறிப்பாக, பற்கள் வைத்த பிறை போன்ற இரட்டை வளைவு. அதனால் முத்திரை மட்டும் சாட்சி ஆகாது. எழுத்து குழம்பிக் கிடந்தால் நகலாக இருக்கலாம்.

எனவே நோட்டில் பிடி, அலகு இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டில் எது பிந்தியதோ, அதற்கு முன்னால் வாள் இந்த வடிவத்தில் இருந்திருக்க முடியாது. பிடியும் அலகும் சேரும் இடத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பாருங்கள். கறுத்து, மயிரிழை வெடிப்புகளோடு பிசின் தெரிந்தால் நல்லது. எம்சீலோ வெல்டிங் மணியோ தெரிந்தால் யாரோ அண்மையில் கை வைத்திருக்கிறார்கள்.

ஆண்டு பொறித்திருந்தால் எந்தக் கணக்கு என்று பாருங்கள். சக ஆண்டுக்கு 78 கூட்டவும், விக்ரம ஆண்டில் 57 கழிக்கவும். ஹிஜ்ரிக்கு 622 கூட்டினால் வராது, அது சந்திர ஆண்டு. ஹிஜ்ரி 1200 என்பது 1785-86. கிரீடத்துக்குக் கீழே 'வி.ஆர்.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் விக்டோரியா காலம், 1837 முதல் 1901 வரை.

அப்புறம் எழும்பூர் அருங்காட்சியகம் போங்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை. பிரிட்டிஷ் வாள் என்றால் கோட்டை அருங்காட்சியகம். வாளைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் ஏறாதீர்கள். பிடி, முத்திரை, அலகின் முதுகு மூன்றையும் படம் எடுத்துப் போனால் போதும்.

பின்சேர்க்கை: அலகில் ஆங்கிலத்தில் 'இந்தியா' என்று பொறித்திருக்கிறதே, மிகப் பழையதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெரும்பாலும் இல்லை. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்டது. அதற்குப் பின் ஏற்றுமதிக்குச் செய்தவற்றில்தான் இந்தச் சொல் வரும். இன்னொருவர் வெளிநாட்டு மகனுக்கு அனுப்பலாமா என்றார். நூறு ஆண்டு தாண்டியிருந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் அனுப்ப முடியாது.