கொடைக்கானல் அறையில் டிப்ஸ்: போய்ச் சேராத பணம்

மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி தொடங்கிவிட்டால் கொடைக்கானலில் அறை கிடைப்பதே குதிரைக் கொம்பு. முதன்முறை மலையேறி வரும் குடும்பங்கள் நல்ல மனதோடுதான் டிப்ஸ் கொடுக்கின்றன. கொடுக்கிற விதம்தான் கோளாறு. விடுதியில் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வை பார்ப்பவன் என்பதால் சீசனுக்குச் சீசன் இதே கூத்தைப் பார்க்கிறேன். கொடுக்க மனமில்லாதவர்களுக்காக இதை எழுதவில்லை.

மொத்தத்தையும் கிளம்பும்போது கொடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அறையைச் சுத்தம் செய்கிறவர்கள் காலையில் வந்து, மாலையில் வில்பட்டிக்கோ பள்ளங்கிக்கோ பஸ் ஏறிவிடுவார்கள். வார விடுப்பு உண்டு; தளம் மாற்றிப் போடுவதும் உண்டு. மூன்று இரவு தங்கினால் உங்கள் படுக்கையை விரித்தவர்கள் மூன்று பேராக இருக்கலாம்.

போன சீசனில் ஒரு குடும்பம் வந்தது. வத்தலக்குண்டிலிருந்து அத்தனை வளைவுகளிலும் தாக்குப்பிடித்த குழந்தை, அறைக்குள் வந்ததும் கம்பளிமேல் வாந்தி எடுத்துவிட்டது. இந்த மூடுபனியில் கம்பளி லேசில் காயாது. அந்தத் தளத்து அக்கா அதை அலசிப் போட்டு, வேறு கம்பளி தேடிக் கொண்டுவந்து, தரைவிரிப்பை மண்டியிட்டுத் தேய்த்தார். மறுநாள் அவருக்கு விடுப்பு. அதற்கடுத்த நாள் விடியும் முன்பே குடும்பம் கிளம்பியது. கார் டிக்கியில் பெட்டியை ஏற்றிய இரவுப் பணிப் பையன் கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு. "எல்லோரும் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை. யார் அந்த எல்லோரும்? பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அக்காவுக்கு டீக் காசுகூடக் கிடைக்கவில்லை.

அன்றன்றைக்குக் கொடுங்கள், காலையில் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் முன். சாதாரண அறைக்கு நாளுக்கு 50 ரூபாய். கூடுதல் கம்பளி, வாளி வாளியாக வெந்நீர் என்று வேலை வாங்கியிருந்தால் 100. இது என் கணக்கு. வரவேற்பு மேசையில் பொதுப் பெட்டி இருந்தால், யார் யாருக்குப் பிரிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தலையணைக்கடியில் நோட்டு

நீங்கள் தங்கியிருக்கும்வரை அறையில் கிடக்கும் பணம் உங்களுடையது. தொட்டால் திருட்டுப் பழி வரும் என்று யாரும் தொடமாட்டார்கள். தலையணை உறைக்குள் நழுவினால் நேரே சலவைக்குப் போகும். மேசைமேல் வைத்து, 'அறை சுத்தம் செய்பவருக்கு' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிவிடுங்கள்.

"பில்லிலேயே கட்டிவிட்டோமே"

ஜிஎஸ்டி அரசுக்குப் போகிறது. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

சில்லறை

மலையேறும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

மிச்சப் பலகாரம்

அது டிப்ஸ் அல்ல.

செல்பேசி எண் கேட்பது

பணம் அனுப்பத்தான் கேட்கிறீர்கள் என்றாலும், முன்பின் தெரியாத ஒருவரிடம் எண்ணைக் கொடுக்க அறை சுத்தம் செய்யும் பெண்கள் கூசுவார்கள். கையில் ரொக்கம் இல்லையென்றால் மேற்பார்வையாளரிடம் அறை எண்ணையும் தேதியையும் சொல்லிக் கொடுங்கள். அன்று அந்த அறை யாருடைய பொறுப்பு என்பது பணிப் பதிவேட்டில் இருக்கும்.