சோதனை மேசையில் வெற்றி, வயலில் தோல்வி: நானோ துகள்களால் எண்ணெய் எடுக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஒரு எண்ணெய் வயலில் இயற்கை அழுத்தம் தணிந்து, அப்புறம் தண்ணீரைச் செலுத்தித் தள்ளிய பிறகும் பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் பாறைத் துளைகளிலேயே தங்கிவிடுவது சகஜம். அதை வெளியே கொண்டுவரத்தான் நீரைக் கெட்டியாக்கும் பாலிமர், சோப்பு போல வேலை செய்யும் சர்ஃபாக்டன்ட், காரம் எல்லாவற்றையும் தண்ணீரில் கலந்து செலுத்துகிறார்கள். இப்போது மணலில் உள்ள சிலிக்காவின் மிக நுண்ணிய நானோ துகள்களும் இதில் சேர்ந்திருக்கின்றன. ஆய்வுகள் ஏராளம் நடக்கின்றன, வயல் வரை வந்தவை குறைவு. இதற்கான காரணங்களில் பல ஆய்வகத்திலேயே தொடங்குகின்றன.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, காய்ச்சி வடித்த நீரில் துகள்களைக் கலக்கிப் பார்த்துத் திருப்தி அடைவது. சிலிக்கா துகள்களின் மேற்பரப்பில் ஒரே மாதிரியான எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. உப்பு சேர்ந்ததும் அந்த விலக்கு விசை மங்கி, துகள்கள் ஒட்டித் திரள்கின்றன. கால்சியமும் மக்னீசியமும் இந்த வேலையில் சோடியத்தைவிட மிகவும் வலுவானவை. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பல வயல்களின் பாறை நீரில் அதைவிடப் பல மடங்கு உண்டு. பாட்டிலில் 10 நானோமீட்டர் என்று எழுதியிருந்தாலும், அந்த நீரில் அது 10 நானோமீட்டராக நீடிக்காது. வயலின் நீரில், வயலின் வெப்பநிலையில், வாரக்கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் தெளிவாக இருந்தது என்பது ஒன்றையும் நிரூபிக்காது.

வெப்பநிலை என்றதும் ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் உள்ள மங்களா வயலைச் சொல்ல வேண்டும். 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 2009-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்த வயலின் எண்ணெயில் மெழுகு அதிகம். சாதாரண அறை வெப்பநிலையில் உறைந்துவிடும். அதனால் எண்ணெயைக் கொண்டுசெல்லும் குழாயையே சூடாக வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட எண்ணெய்க்குப் பதிலாக மெல்லிய கனிம எண்ணெயை வைத்து, அறை வெப்பநிலையில் சோதித்து வரும் எண்ணுக்கு என்ன மதிப்பு?

துகள் நானோ அளவு, பாறைத் துளையோ அதைப்போல் ஆயிரம் மடங்கான மைக்ரான் அளவு, ஆகவே அடைப்பு வராது என்று நினைப்பதும் தவறு. துளையின் குறுகலான கழுத்தில் நீரின் வேகம் கூடும்போது, கனமான துகள்கள் பின்தங்கி வாயிலில் குவிந்துவிடும். பாறைச் சுவரில் ஒட்டிப் படிவது வேறு. கொஞ்சம் அடைப்பு நீரை வேறு துளைகளுக்குத் திருப்பி நன்மையும் செய்யும். ஆனால் செலுத்தும் அழுத்தம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கிணற்றையே இழக்க நேரலாம். ஆகவே அழுத்த வரைபடம் இல்லாமல் எண்ணெய் அளவை மட்டும் காட்டும் முடிவை நம்பாதீர்கள். கரைசலில் துகள்களை அதிகமாகச் சேர்த்தால் பலனும் கூடும் என்பதும் இதே காரணத்தால் பொய்த்துப்போகிறது.

சர்ஃபாக்டன்டில் நடக்கும் தவறு சற்று வேறு. எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான இழுவிசை ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்துவிட்டது என்று மகிழ்கிறார்கள். அந்த மருந்து பாறையில் உறிஞ்சப்பட்டு, கிணற்றிலிருந்து சில மீட்டர் தாண்டுவதற்குள் தீர்ந்துபோனால் என்ன பயன்? சுண்ணாம்புப் பாறையில் எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டச் சர்ஃபாக்டன்டுகளுக்கு இந்த ஆபத்து அதிகம். உறிஞ்சலை முதலில் அளந்துவிட்டு, பிறகு இழுவிசையைப் பேசுவோம்.

காரம் சேர்ப்பதில் சீனாவின் தாச்சிங் வயல் தந்த அனுபவம் முக்கியமானது. அங்கே வலுவான காரம் பாறையின் சிலிக்காவைக் கரைத்து, உற்பத்திக் கிணறுகளில் படிவுகளாகக் கட்டி, பம்புகளைச் சிக்கவைத்தது. அதன் பிறகே மென்மையான காரத்தின் பக்கம் திரும்பினார்கள்.

பாலிமருக்குச் சுருக்கமாக இது போதும்: குறுகலான வால்வுகளில் வேகமாகச் செலுத்தினால் நீண்ட மூலக்கூறுகள் அறுந்து பிசுபிசுப்பு போய்விடும், கரைந்த ஆக்சிஜனும் இரும்பும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

கடைசியாக, ஒப்பீடு. சோதனைக்கு எடுத்த பாறை உருளையில் எண்ணெய் வருவது நிற்கும் வரை வெறும் உப்பு நீரைச் செலுத்தாமல் பாதியில் நிறுத்திவிட்டு நானோ கரைசலுக்கு மாறினால், கூடுதலாகக் கிடைத்தது எதனால் என்று சொல்லவே முடியாது. அதே வகைப் பாறை உருளையில், அதே அளவு வெறும் நீரைச் செலுத்திய ஒரு சோதனை பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். வெளியே வரும் திரவத்தையும் விட்டுவிடாதீர்கள்: நானோ துகள்கள் எண்ணெயும் நீரும் கலந்த குழம்பை நிலைப்படுத்துபவை. அதைப் பிரிக்கும் செலவை யாரும் கணக்கில் சேர்க்காவிட்டால், எடுத்த எண்ணெய் தொட்டியில் பிரியாமலே நிற்கும்.