முடியாத வாரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்: நாள்பட்ட நோயோடும் மாற்றுத்திறனோடும் சொந்தத் தொழில்

உடம்பு நன்றாக இருக்கும் வாரத்தில்தான் பெரும்பாலும் தொழில் திட்டம் போடுகிறோம். அந்த வாரத்துத் தெம்பை நம்பியே விலை வைக்கிறோம், கெடு சொல்கிறோம், ஆர்டர் எடுக்கிறோம். பிறகு வரும் முடியாத வாரத்தில் மூன்றும் ஒன்றாகக் கழுத்தை நெரிக்கின்றன. நோயை முழுதாகக் கட்டுப்படுத்துவது யார் கையிலும் இல்லை. ஆனால் கணக்கை எந்த வாரத்தை வைத்துப் போடுவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் நான்கு வாரம் எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: என்ன வேலை, எத்தனை நிமிடம், தொடங்கும்போது உடம்பு எப்படி (0 முதல் 5 வரை ஓர் எண்), முடித்தபோது எப்படி, மறுநாள் எப்படி. மேசைமுன் உட்கார்ந்திருந்த நேரத்தை எழுதாதீர்கள். கை உண்மையில் வேலை செய்த நேரத்தை மட்டும் எழுதுங்கள்.

‘மறுநாள்’ பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாத பகுதியும் அதுதான். நாள்பட்ட சோர்வு நோயில் அளவுக்கு மீறி உழைத்ததன் விளைவு உடனே தெரியாது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே உடம்பு விழும். திங்கட்கிழமை நீண்ட நேரம் பேசியதற்கான விலையைப் புதன்கிழமை கொடுப்பவர், புதன்கிழமை செய்த வேலையையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். எழுதி வைத்தால்தான் எந்த வேலை உங்களை வீழ்த்துகிறது என்று புரியும். பலருக்கு அது தொழிலின் முக்கிய வேலையாக இருக்காது. தொலைபேசி அழைப்பாகவோ, பார்சல் கட்டுவதாகவோ, பில் போடுவதாகவோ இருக்கும். மாதவிடாயையொட்டி நோய் கூடுகிறவர்கள் நான்கு வாரத்தோடு நிறுத்தாமல் இரண்டு முழுச் சுழற்சிகளுக்கு எழுதுவது நல்லது.

நான்கு வாரங்களில் 22, 17, 9, 20 மணி நேரம் வேலை செய்ய முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 17. ஆனால் வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்க உங்களிடம் இருப்பது 9 மணி நேரம்தான். 17 என்று நம்பி வாக்குக் கொடுத்தால், அந்த 9 மணி நேர வாரத்தில் பாதி வேலை தேங்கும். தேங்கியதை அடுத்த வாரம் சேர்த்துச் செய்யப்போய் அந்த வாரமும் கெடும்.

அப்படியென்றால் மீதி மணி நேரங்கள் வீணா? இல்லை. வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள். கெடு உள்ள வேலை எந்த வாரத்திலும் 9 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. கெடு இல்லாத வேலை, நன்றாக இருக்கும் நாட்களில் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு: முன்கூட்டியே பொருள் செய்து இருப்பு வைப்பது, தரவிறக்கி வாங்கக்கூடிய கோப்புகள் தயாரிப்பது, பாடங்களைப் பதிவு செய்வது. தொழிலின் வருமானத்தில் கெடு இல்லாத வேலையின் பங்கு கூடக்கூட நோய் அடிக்கும் அடி குறையும்.

நோயின் தாளத்துக்கு ஏற்ற தொழில்

எந்தத் தொழில் என்று முடிவு செய்யுமுன் ஒரே ஒரு கேள்வி: முடியாத நாள் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியுமா?

தெரியும் என்றால் நாட்காட்டியிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மருத்துவமனையில் ரத்த டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குப் பொதுவாக வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் போகும். அன்று மீதி நேரமும் களைப்பிலேயே கழியும். அந்த மூன்று நாட்களையும் முழு விடுமுறையாக அறிவித்துவிட்டு மற்ற நாட்களில் சந்திப்பு வைத்துத் தொழில் நடத்தலாம். முடக்குவாதம் போன்ற நோய்களுக்கான மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை வாரம் ஒருமுறை எடுப்பவர்களில் பலருக்கு மறுநாள் குமட்டலும் அசதியும் இருக்கும். மாத்திரை எடுக்கும் கிழமையை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த மறுநாள் கெடு விழாதபடி பார்த்துக்கொள்ளலாம். முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) காலை நேர மூட்டு விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம் என்பதால், முன்பகல் பாதி கழியும்வரை கைவேலையோ சந்திப்போ வேண்டாம். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் உள்ளவர்களுக்கு உடல் சூடேறினால் அறிகுறிகள் கூடும். எனவே சூட்டில் நின்று செய்யும் தொழிலோ வெயில் நேர டெலிவரியோ ஒத்துவராது.

முன்கூட்டியே தெரியாது என்றால் (ஒற்றைத் தலைவலி, வலிப்பு, குடல் அழற்சி நோய்), குறிப்பிட்ட நேரத்தில் நீங்களே நேரில் இருந்தாக வேண்டிய தொழிலைத் தவிருங்கள். விழாப் படப்பிடிப்பு, நேரலை வகுப்பு, அன்றன்றைக்கே முடித்துத் தர வேண்டிய சேவை எல்லாம் இதில் அடங்கும். அதே திறமையை வேறு வடிவில் விற்க முடியும். நேரலையில் கற்பிப்பவர் பதிவு செய்த பாடத்தோடு எழுத்து வழித் திருத்தமும் தரலாம். விழாவில் படம் எடுப்பவர் மற்றவர்கள் எடுத்த படங்களைச் செம்மைப்படுத்தித் தரலாம்.

விலை

இங்கேதான் அதிகம் பேர் தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்துகொள்கிறார்கள். ‘நான் மெதுவாகச் செய்கிறேன், தாமதமும் ஆகலாம்’ என்ற குற்ற உணர்வில் விலையைக் குறைக்கிறார்கள். விலை குறைந்தால் ஆர்டர் கூடும், ஆர்டர் கூடினால் உடம்பு விழும்.

கணக்கை இப்படிப் போடுங்கள். மருந்துச் செலவு உட்பட வீட்டுக்கு மாதம் 60,000 வேண்டும், தொழில் செலவு 10,000. ஆண்டுக்கு 8,40,000. வரவில் கால் பங்கை வரிக்கும் இருப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்றால், மொத்த வரவு 8,40,000 ÷ 0.75 = 11,20,000 ஆக இருக்க வேண்டும். அடுத்து நேரம். ஆண்டுக்கு 52 வாரம் என்று எடுக்காதீர்கள். நோய் கூடும் காலம், மருத்துவமனை, ஓய்வு என 10 வாரத்தைக் கழித்தால் 42. விலைக்குச் சராசரி நேரத்தை எடுக்கலாம்: 42 × 17 = 714 மணி. இதில் சுமார் 35 சதவீதம் பில், மின்னஞ்சல், கொள்முதல் என்று கூலி வராத வேலைக்குப் போகும். மிஞ்சுவது 464 மணி. ஆக, ஒரு மணி நேரத்துக்கு 2,414.

அதே ஆள் வரியையும் விடுமுறையையும் கூலி வராத வேலையையும் மறந்து கணக்குப் போட்டால் (52 × 17 = 884 மணி; 8,40,000 ÷ 884) 950 என்று வரும். வித்தியாசம் இரண்டரை மடங்கு. முதல் எண்ணைச் சந்தை ஏற்காது என்றால், அந்த வேலையின் வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும். உடம்பை அடமானம் வைத்து இரண்டாவது எண்ணுக்கு இறங்க வேண்டாம்.

இந்த மணிக்கணக்கு உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். வாடிக்கையாளரிடம் வேலைக்கு இவ்வளவு என்று முழு விலையாகச் சொல்லுங்கள். மந்தமான நாளில் கூடுதலாக ஆன மூன்று மணி நேரத்துக்கு அவர் பணம் கொடுக்க வேண்டியதில்லை, நீங்களும் கூசிக் குறுக வேண்டியதில்லை.

கெடுவும் ஒப்பந்தமும்

முடியாத வாரத்தில் அந்த வேலைக்கு எவ்வளவு நாள் ஆகுமோ அதைக் கணக்கிட்டு, மேலே ஒரு வாரம் சேர்த்துக் கெடு சொல்லுங்கள். உங்களுக்கான உள்கெடு அதில் பாதியில் இருக்கட்டும். சீக்கிரம் முடிந்துவிட்டாலும் உடனே அனுப்பும் பழக்கம் வேண்டாம். முன்னதாக அனுப்பியதே அடுத்த முறை எதிர்பார்ப்பாகிவிடும்.

எழுத்தில் இருக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பாதி முன்பணம். அதைத் தனிக் கணக்கில் போட்டு, வேலையை ஒப்படைக்கும்வரை தொடாதீர்கள். முன்பணத்தைச் செலவழித்துவிட்டு நோயில் படுத்தால் திருப்பித் தரவும் முடியாது, வேலையை முடிக்கவும் முடியாது. இந்த இக்கட்டில்தான் பெயர் கெடுகிறது. இரண்டாவது, தாமத விதி. இந்த மாதிரியில் எழுதலாம்:

‘தாமதம் ஏற்பட்டால் 2 வேலை நாட்களுக்குள் புதிய தேதி தெரிவிக்கப்படும். புதிய தேதி, முதலில் சொன்ன தேதியிலிருந்து 10 வேலை நாட்களைத் தாண்டினால், வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, செய்யப்படாத பகுதிக்கான முன்பணத்தைத் திரும்பப் பெறலாம்.’

இதில் நோய் என்ற சொல்லே இல்லை. நோயின் பெயரை வாடிக்கையாளரிடம் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் உங்கள் விருப்பம். சொல்வதாக இருந்தால், அவருக்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கள்: ‘பேச்சைவிட எழுத்தில் எனக்கு வசதி’, ‘முற்பகலில் அழைப்பு எடுக்க இயலாது’. நோய்க்குறிப்பை விளக்கப் போனால், தேவையற்ற அனுதாபமோ தேவையற்ற சந்தேகமோதான் பதிலாகக் கிடைக்கும்.

படுத்துவிட்ட நாளுக்கான கோப்பு

இதை நன்றாக இருக்கும் நாளில்தான் தயாரிக்க வேண்டும். தலை மந்தமாக இருக்கும்போது இரண்டு வரி மின்னஞ்சல்கூட மலையாகத் தெரியும். மூன்று செய்திகளை எழுதி வையுங்கள்: ஒருநாள் தாமதத்துக்கு ஒன்று, ஒருவாரத் தாமதத்துக்கு ஒன்று, வேலையை விடவேண்டி வந்தால் முன்பணம் திரும்பும் என்று சொல்ல ஒன்று. பெயரும் தேதியும் மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையில் அவை கைபேசியில் இருக்க வேண்டும்.

நம்பகமான ஒருவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். நடப்பு வேலைகள் எந்தப் பட்டியலில் இருக்கின்றன, யாருக்கு முதலில் தகவல் சொல்ல வேண்டும், கடையை எப்படி ‘விடுமுறை’ நிலைக்கு மாற்றுவது, எதைத் தொடக்கூடாது. இந்தக் குறிப்பு தோற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கடவுச்சொல் அவரிடம் இருக்கும், உறுதிப்படுத்தும் ஓடிபி மட்டும் மருத்துவமனையில் பூட்டிக்கிடக்கும் உங்கள் கைபேசிக்குப் போகும். ஓடிபி இல்லாமலே உள்நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு உறையில் வைத்துக் கொடுங்கள். பல கடவுச்சொல் மேலாண்மைச் செயலிகளில் அவசர அணுகல் வசதி உண்டு, அதையும் அமைத்துவிடுங்கள். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் யாருக்கும் தர வேண்டாம். வங்கியிலேயே முறையாக அதிகாரம் எழுதிக் கொடுங்கள்.

தலை மந்தமான நாளில் செய்யக்கூடாதவற்றையும் எழுதி ஒட்டி வையுங்கள்: விலை சொல்வது, பணம் அனுப்புவது, கோபமான மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது, கோப்புகளை அழிப்பது. இதற்கு நேர்மாறான ஆபத்து ஒன்றும் உண்டு. பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தின் அளவு கூடும் நாட்களில் தூக்கம் குறைந்து, எதையும் சாதித்துவிடலாம் என்ற உற்சாகம் சிலருக்கு வரும். அந்த வாரத்தில் ஏற்கும் ஆர்டர்களைப் பின்னர் மருந்து குறையும் வாரத்தில் செய்ய வேண்டியிருக்கும். மருந்தளவு மாறும் காலத்தில் புதிய வேலை எதுவும் ஏற்பதில்லை என்று முன்பே முடிவெடுத்துவிடுங்கள்.

இடமும் கருவியும்

பணம் செலவழிக்குமுன், கணினியில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்திப் பாருங்கள். விண்டோஸில் விண்டோஸ் பொத்தானையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தினால் குரல்வழித் தட்டச்சு வரும். ஷிஃப்ட் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால், இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் பிடிக்கத் தேவையில்லாத வசதி கிடைக்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம். பில் போடும் மென்பொருளுக்குப் பணம் கட்டுமுன் இலவசக் காலத்தில் விசைப்பலகையும் திரைவாசிப்பானும் மட்டும் வைத்து ஒரு பில்லை உருவாக்கி, அனுப்பி, ரத்தும் செய்து பாருங்கள். ரத்து செய்யும் பொத்தானில்தான் பல மென்பொருள்கள் மாட்டிக்கொள்கின்றன.

சக்கர நாற்காலியில் வேலை செய்பவர்களுக்கு மேசைக்கடியில் முழங்காலுக்குச் சுமார் 70 செ.மீ. உயரம் வேண்டும், முழுதாகத் திரும்ப 150 செ.மீ. இடம் வேண்டும். அடிக்கடி எடுக்கும் பொருட்கள் மடி உயரத்துக்கும் தோள் உயரத்துக்கும் இடையில் இருக்கட்டும். அழுத்தப்புண் வராமலிருக்க 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எடையை மாற்றி உட்கார அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், வேலையில் மூழ்கினால் அது மறந்துபோகும்.

உதவித்தொகையும் காப்பீடும்

முதல் பில் போடுவதற்கு முன்பே, பெறுகிற உதவித்தொகையின் வருமான வரம்பைப் படியுங்கள். மொத்த வரவைப் பார்க்கிறார்களா, செலவு போக மிச்சத்தைப் பார்க்கிறார்களா? பில் தேதியா, பணம் வந்த தேதியா? ஒரே மாதத்தில் இரண்டு முன்பணம் வந்து சேர்ந்ததால் வரம்பைத் தாண்டிவிடும் அபாயம் உண்டு. பதிலை எழுத்தில் வாங்குங்கள். வருமானக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு விலக்கோ காத்திருப்புக் காலமோ இருக்கலாம். அப்படியிருந்தால் அந்தக் காப்பீட்டை நம்பாமல் மூன்று முதல் ஆறு மாதச் செலவைக் கையிருப்பாகச் சேர்ப்பதே வழி.

கையிருப்பு சேர்ந்தபின் முதல் உதவியாளரை அமர்த்தலாம். எந்த வேலையைக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டாம். நோட்டை எடுத்து, ‘மறுநாள்’ பகுதியில் எந்த வேலைக்கு எதிரே மோசமான எண் அடிக்கடி வந்திருக்கிறதோ, அதை முதலில் கொடுத்துவிடுங்கள்.