அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லுங்கள்: பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் முதல் பட்டியல்

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டிப் பறவைகளைக் கணக்கெடுக்கிறோம். யாரும் சேரலாம்.

பறவைப் பட்டியல்களைப் பதியும் இபேர்ட் (eBird) செயலியில் கணக்குத் தொடங்கி, உங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பை (அங்குள்ள பறவைகளின் பெயர்ப்பட்டியல்) வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் சிக்னலை நம்ப முடியாது. பைனாகுலர் புதிதாக வாங்குவதாக இருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 போதும். 10x கைநடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

ஏரிக்குப் போனதும் பட்டியலைத் தொடங்கிக் குறைந்தது 15 நிமிடம் பாருங்கள். எண்ணிக்கைக்குப் பதில் எக்ஸ் போடவும் வழியுண்டு, ஆனால் எனக்கு அது பிடிக்காது. நாமக்கோழிக் கூட்டமா? பத்துப் பத்தாக எண்ணி, உத்தேசமாகவாவது ஓர் எண்ணைப் போடுங்கள்.

அப்புறம், அனுப்பும் முன் ஒரு கேள்வி வரும்: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா? ஒரு வருடம் முழுக்க நான் 'இல்லை' என்றே அழுத்தினேன். புதருக்குள் ஓடிய கதிர்க்குருவி எதுவென்று தெரியவில்லையே, பிறகு எப்படி 'ஆம்' என்பது? தவறு அங்கேதான். தெரியாத பறவையைப் பற்றி அது கேட்கவே இல்லை. தெரிந்ததில் எதையும் வேண்டுமென்றே விட்டீர்களா என்றுதான் கேட்கிறது. காக்கையையும் மைனாவையும் சேர்த்துப் பதிந்திருந்தால் 'ஆம்'. 'காக்கையை எதற்கு எழுதுவது' என்று விட்டிருந்தால்தான் 'இல்லை'.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 'இந்தியப் பறவைகளின் நிலை 2023' அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்களின் 3 கோடிப் பதிவுகள் அதற்கு அடிப்படை. ஓர் இனம் குறைகிறதா என்று பார்க்க, 'ஆம்' என்று அனுப்பிய முழுப் பட்டியல்கள் நூறில் எத்தனையில் அது இருந்தது என்று கணக்கிடுகிறார்கள். செம்போத்து இல்லாத பட்டியலும் அங்கே ஒரு தகவல்தான். ஆனால் பட்டியல் முழுமையானது என்று நாம் சொல்லியிருந்தால் மட்டுமே. இணையதளத்தில் பழைய பட்டியல்களைத் திருத்தலாம். எதையும் விடவில்லை என்று உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து 'ஆம்' என்று மாற்றினேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்த சிலர் மெர்லின் செயலி பற்றிக் கேட்டார்கள். அது குரலைக் கேட்டுச் சொல்லும் பெயரைத் துப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே பார்த்தோ கேட்டோ உறுதி செய்யாமல் பதியாதீர்கள். இருவராகப் போனால் ஒருவர் பட்டியல் போட்டு மற்றவருக்குப் பகிர்ந்தால் போதும், தான் பார்க்காததை அவர் தன் பிரதியில் நீக்கிக்கொள்வார்.